சிறுநீரகக் கல் வலி: ஓபியாய்டைக் குறைக்கும் அவசர சிகிச்சை

விலாவில் கிளம்பி தொடை இடுக்கு வரை இறங்கும் சிறுநீரகக் கல் வலியில் நோயாளியால் ஒரு நிலையில் படுக்க முடியாது. புரள்வார், எழுந்து நடப்பார், வாந்தி எடுப்பார். அவசரப் பிரிவில் ஓபியாய்டு வகை மருந்தான மார்ஃபின் போடுவது நெடுநாள் வழக்கம்.

கல் அடைத்ததும் சுரக்கும் புரோஸ்டாகிளாண்டின், சிறுநீரகத்துக்கு ரத்த ஓட்டத்தைக் கூட்டி உள்ளழுத்தத்தை ஏற்றி வலியைத் தருகிறது. டைக்ளோஃபெனாக், கீட்டோரோலாக் ஊசிகள் அந்தச் சுரப்பையே தடுக்கின்றன. மார்ஃபின் வலி உணர்வைத்தான் மழுங்கடிக்கிறது.

கத்தாரின் தோஹாவில் ஹமாத் பொது மருத்துவமனை 1,645 பேரிடம் நடத்திய ஆய்வு 2016இல் லான்செட் இதழில் வெளியானது. அரை மணி நேரத்தில் வலி பாதியாவது குறைந்தவர்கள், 75 மி.கி. டைக்ளோஃபெனாக் பெற்றோரில் 68%, பாராசிட்டமால் பெற்றோரில் 66%, மார்ஃபின் பெற்றோரில் 61%. பழகிய வழக்கத்தை மாற்ற இது வலுவான சான்று.

சிறுநீரகம் பழுதானவர்களுக்கும் குடல்புண் உள்ளவர்களுக்கும் டைக்ளோஃபெனாக் ஆகாது. மற்ற மருந்துக்கு அடங்காத வலிக்கு மார்ஃபினை மறுக்கவும் கூடாது.