கட்டுண்ட செல்வம்: ஆஞ்செலா பர்டெட் கூட்ஸ்

கொடை என்றதும் தகடூர் மண்ணினர்க்கு அதியமானும் அவன் ஔவைக்கு ஈந்த நெல்லிக்கனியுமே நினைவில் எழும். ஒகேனக்கல்லில் காவிரி விழும் ஓசையைக் கேட்டு வாழ்வோர்க்கு இது பிறப்புரிமையான பெருமிதம். ஆயினும் அக்கதையில் ஈபவன் ஆண், பெறுபவளே பெண். செம்பியன் மாதேவி போன்றோரின் கொடைகளைக் கல்வெட்டுகள் பேசுகின்றன, அவர்களோ அரசியர். அரசகுலத்தவளல்லாத ஒருத்தி தன் பெயரிலேயே பெருஞ்செல்வம் எய்தி அதனை ஈந்து வாழ்ந்த வரலாற்றை இலண்டன் மாநகரில் காணலாம்.

ஆஞ்செலா பர்டெட் 1814இல் பிறந்தார். தந்தை சர் பிரான்சிஸ் பர்டெட் சீர்திருத்தம் பேசிய நாடாளுமன்ற உறுப்பினர். தாய்வழிப் பாட்டனார் தாமஸ் கூட்ஸ் புகழ்பெற்ற வங்கியாளர். பாட்டனார் முதலில் மணந்தது ஒரு பணிப்பெண்ணை. எண்பதை நெருங்கிய வயதில் மணந்தது ஹாரியட் மெலன் என்னும் நாடக நடிகையை. குடும்பத்தார் வெறுத்த அந்நடிகையே 1837இல் இறக்கும்போது ஆறு பிள்ளைகளுள் இளையவரான ஆஞ்செலாவுக்கு ஏறத்தாழ 18 இலட்சம் பவுன் மதிப்புள்ள செல்வத்தை எழுதி வைத்தார். பெயருடன் கூட்ஸ் சேர்ந்தது. அயல்நாட்டானை மணந்தால் செல்வம் கைவிட்டுப் போகும் என்னும் நிபந்தனையும் உடன் வந்தது.

மணம் வேண்டி வந்தோர் பலர். அவர் தாமே வேண்டியவரோ வெலிங்டன் கோமகன்! 1847இல் 32 வயதுப் பெண்ணின் விருப்பத்தை 77 வயதுப் பெருவீரர் கனிவுடன் மறுத்தார். நட்பு மட்டும் நிலைத்தது. மணமான ஆங்கிலப் பெண்ணின் உடைமை பெரும்பாலும் கணவன் கைக்கே சென்ற காலம் அது. 1882ஆம் ஆண்டுச் சட்டமே அந்நிலையை முற்றும் மாற்றியது. தனிமை அவர்க்கு இழப்பன்று, ஒருவகைக் காவல் என்றே கருதத் தோன்றுகிறது.

அவர்தம் கொடையில் சார்லஸ் டிக்கன்சின் பங்கு பெரிது. தம் 'மார்ட்டின் சஸ்ஸில்விட்' புதினத்தை அவர்க்குக் காணிக்கையாக்கிய டிக்கன்ஸ், 1847இல் அவர் பொருளால் எழுந்த 'யுரேனியா குடில்' என்னும் இல்லத்தை நடத்தினார். தெருவில் உழன்றும் சிறை சென்றும் மீண்ட இளம்பெண்கள் அங்கே எழுத்தும் இல்லத்தொழிலும் கற்று, பலர் ஆஸ்திரேலியா முதலிய நாடுகளுக்குக் கப்பலேறினர். மங்கிய சீருடை வேண்டா, வண்ண ஆடையே வேண்டும் என்றார் டிக்கன்ஸ். புதினம் படைத்தவரின் கண் அது.

எல்லாக் கொடையும் பலித்துவிடவில்லை. கிழக்கு இலண்டனில் 1869இல் கோயில் போன்ற கூரையுடன் கட்டிய கொலம்பியா சந்தையைத் தெருவணிகர் ஏற்கவில்லை. அது பின்னர் இடிக்கப்பட்டது; அச்சாலையிலேயே தெருவோர ஞாயிற்றுப் பூச்சந்தை செழிக்கிறது.

1871இல் அரசி விக்டோரியா தம் உரிமையால் அவரைச் சீமாட்டியாக்கினார். கணவனால் வந்த பட்டமன்று. 1872இல் இலண்டன் நகரின் குடியுரிமைச் சிறப்பைப் பெண்களுள் முதன்முதலாகப் பெற்றவரும் அவரே. ஆனால் 1881இல், 66ஆம் வயதில், அமெரிக்காவில் பிறந்த தம் செயலாளரான 29 வயது இளைஞரை மணந்தபோது அரசியே முகம் சுளித்தார். பழைய நிபந்தனை விழித்துக்கொண்டது. உடன்பிறந்தவள் கிளாரா உரிமை கோரினாள். வருவாயில் ஐந்தில் மூன்று பங்கு கைமாறிற்று. ஆஞ்செலா மணத்தைக் கைவிடவில்லை. எஞ்சியதிலிருந்து ஈதலையும் விடவில்லை.

1906 டிசம்பர் 30இல் அவர் மறைந்தார். வாழ்நாளில் 30 இலட்சம் பவுனுக்கு மேல் ஈந்தவர் என்பர். பிக்காடிலி இல்லத்தில் கிடத்திய உடலைக் காண ஏறத்தாழ 30,000 பேர் வரிசையில் வந்தனர். அவர்களுள் ஏழையர் பலர்.