மெத்தைக்குள் வந்த விளையாட்டுத் திடல்

சாஃப்ட் ப்ளே கூடம் என்பது விழுந்தாலும் அடிபடாத பொருள்களால் கூரைக்கடியில் அமைக்கப்படும் சிறுவர் விளையாட்டிடம். ஸ்பாஞ்சு சுற்றிய இரும்புக் குழாய்களால் ஒரு சட்டகம், அதனுள் இரண்டு மூன்று தளங்கள், நான்கு பக்கமும் வலை, வளைந்து இறங்கும் குழாய்ச் சறுக்கு, ரெக்சின் உறையிட்ட படிகள், உருளைகள், ஓரத்தில் பிளாஸ்டிக் பந்துகள் நிரம்பிய குளம் ஆகியவை இதன் வழக்கமான உறுப்புகள். காலுறை அணியாமல் உள்ளே விடமாட்டார்கள். கட்டணம் மணிக்கணக்கில் வாங்கப்படும். பெற்றோர் உட்கார்ந்து காபி குடிக்க நாற்காலி மேசைகள் இருக்கும். உலகின் பெருநகரங்களில் ஏறக்குறைய ஒரே மாதிரி காணப்படும் இந்த அமைப்புக்கு வயது ஐம்பதைச் சற்றுத் தாண்டியிருக்கிறது. அது உருவான இடம் பெரும்பாலும் வட அமெரிக்கா.

அதற்கு முந்தைய விளையாட்டுத் திடல்கள் கடினமானவை. 1880களில் பெர்லின் நகர வழக்கத்தைப் பார்த்து பாஸ்டனில் குழந்தைகளுக்காக மணல் குவித்ததுதான் அமெரிக்கத் திடல்களின் தொடக்கம் என்பார்கள். மணலில் தொடங்கினாலும் விரைவிலேயே அது இரும்புக்கு மாறிவிட்டது. 1920இல் சிகாகோவை அடுத்த வின்னெட்காவில் செபாஸ்டியன் ஹின்டன் என்ற காப்புரிமை வழக்கறிஞர் குழாய்களால் ஆன ஏறுசட்டத்துக்குக் காப்புரிமை கோரினார். ஜங்கிள் ஜிம் என்று உலகெங்கும் பரவிய சட்டம் அது. உயரமான சறுக்குமரம், ஊஞ்சல், ஜங்கிள் ஜிம், இவற்றின் அடியில் தார்த்தரை அல்லது சிமெண்டுத் தரை என்பதுதான் அடுத்த அரை நூற்றாண்டின் நகரத் திடல். ஐரோப்பாவில் இதற்கு ஒரு மாற்றுக்குரல் எழுந்தது. 1943இல் கோபன்ஹேகனின் எம்ட்ருப் பகுதியில், குழந்தைகள் பலகையும் ஆணியும் கொண்டு தாங்களே கட்டி விளையாடும் திடல் திறக்கப்பட்டது. போர் முடிந்ததும் ஹர்ட்வுட் சீமாட்டி மார்ஜரி ஆலன் இதை இங்கிலாந்துக்குக் கொண்டுசென்று, குண்டு விழுந்த மனைகளை இப்படிப் பயன்படுத்தலாம் என்று வாதாடினார். குழந்தை தன் உடம்பைக் கொண்டு இடத்தைச் சோதித்துப் பார்க்க வேண்டும் என்ற எண்ணம் அங்கேதான் வலுப்பட்டது. ஆனால் அந்தத் திடல்களில் மென்மை என்று எதுவும் இல்லை.

மென்மை வேதியியல் ஆலைகளிலிருந்து வந்தது. 1937இல் ஜெர்மனியின் லெவர்குசனில் ஓட்டோ பேயரின் குழு பாலியூரித்தேனைக் கண்டறிந்தது. அதன் நெகிழ்வான வடிவமாகிய ஸ்பாஞ்சு 1950களில் மெத்தைக்கும் சோபாவுக்கும் மலிவாகக் கிடைக்கத் தொடங்கியது. அதே பத்தாண்டின் இறுதியில் லூயிசியானாவின் ஷ்ரீவ்போர்ட்டில் ஜான் ஸ்கர்லாக் செய்த காற்றடைத்த மெத்தைகள், குழந்தைகள் குதிக்கும் பலூன் கோட்டைகளுக்கு முன்னோடியாயின. பொருள்கள் தயாராகிவிட்டன. அவற்றை விளையாட்டாக ஒன்றுசேர்க்க ஒருவர் வரவேண்டியிருந்தது.

1971இல் ஒண்டாரியோ மாகாண அரசு டொராண்டோ ஏரிக்கரையில் செயற்கைத் தீவுகளை அமைத்து ஒண்டாரியோ பிளேஸ் என்ற பொழுதுபோக்கு வளாகத்தைத் திறந்தது. கட்டடக் கலைஞர் எபர்ஹார்ட் சைட்லர் தண்ணீரின் மேல் தூக்கி நிறுத்திய மண்டபங்களும், உலகின் முதல் நிரந்தர ஐமாக்ஸ் திரையரங்கும் பேசப்பட்டன. குழந்தைகளுக்கென்று அங்கே பெரிதாக எதுவும் இல்லை. அந்தக் குறையைப் போக்க இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் பிறந்து கனடாவில் குடியேறிய எரிக் மெக்மில்லன் என்ற வடிவமைப்பாளரிடம் பொறுப்பு ஒப்படைக்கப்பட்டது. 1972இல் சிறுவர் கிராமம் திறந்தது.

சுமார் 2 ஏக்கர் பரப்பில், பெரிய ஆரஞ்சு நிறக் கூடாரத்தின் நிழலில் அது அமைந்தது. ஸ்பாஞ்சுத் துண்டுகள் நிறைந்த சதுப்பு, நூற்றுக்கணக்கில் தொங்கும் குத்துப்பைகளின் காடு, குழந்தைகள் கூட்டமாக ஏறிக் குதிக்கும் காற்று மெத்தை, கயிற்று வலைகள் என்று அங்கே இருந்தவை பெரும்பாலும் அதுவரை எந்தத் திடலிலும் காணாதவை. ஊஞ்சலில் ஒரு நேரத்தில் ஒரு குழந்தைதான் ஆட முடியும். மெக்மில்லனின் சாதனங்கள் நெரிசலில்தான் சுவைத்தன. முட்டி மோதி, ஒருவர் மேல் ஒருவர் விழுந்து, முன்பின் தெரியாத குழந்தையோடு சேர்ந்து குதிப்பதுதான் அங்கே விளையாட்டு. மென்மை என்பது பாதுகாப்புக்காகப் போட்ட உறை அல்ல, துணிச்சலுக்கான அனுமதி. பின்னால் வந்த கூடங்கள் எடுத்துக்கொண்டது அவருடைய பொருள்களை மட்டும்தான். டொராண்டோவின் சிறுவர் கிராமம் 2000களின் தொடக்கத்தில் அகற்றப்பட்டது. வளாகத்தின் பெரும்பகுதி 2012இல் மூடப்பட்டது.

பந்துக்குளமும் மெக்மில்லனின் பெயரோடு சேர்ந்தே பேசப்படுகிறது. சமையலறையில் இருந்த வெங்காய ஊறுகாய் ஜாடியைப் பார்த்து, அதற்குள் புகுந்து நீந்தினால் எப்படியிருக்கும் என்று அவர் யோசித்ததாகக் கதை உண்டு. 1976இல் கலிஃபோர்னியாவின் சான் டியாகோ சீவேர்ல்ட் பூங்காவில் அமைந்த குளம் முதலாவதாகக் கருதப்படுகிறது. 1980இல் பென்சில்வேனியாவில் திறந்த செசமி பிளேஸ் பூங்காவும் அவருடைய கைவண்ணம் கொண்டதே. இவையெல்லாம் திறந்தவெளியில் நாள் முழுக்கச் செலவிடும் பூங்காக்கள். நகரத்துக்குள், கூரைக்கடியில், ஆண்டு முழுவதும் நடக்கும் தொழிலாக இது மாறியதற்கு வேறு காரணங்கள் இருந்தன.

அவற்றுள் முதன்மையானது அச்சம். 1978இல் சிகாகோவின் நகராட்சிப் பூங்கா ஒன்றில் சுமார் 12 அடி உயரச் சறுக்குமரத்திலிருந்து விழுந்த இரண்டு வயதுக் குழந்தைக்கு மூளையில் நிரந்தரப் பாதிப்பு ஏற்பட்டது. 1985இல் அந்த வழக்கு குறைந்தது 95 லட்சம் டாலர் இழப்பீட்டில் முடிந்தது. இதற்கிடையே 1981இல் அமெரிக்க நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் பொதுத் திடல்களுக்கான கையேட்டை வெளியிட்டிருந்தது. நகராட்சிகள் உயரமான சாதனங்களைக் கழற்றத் தொடங்கின. அதே ஆண்டுகளில் காணாமற்போன குழந்தைகளின் படங்கள் பால் அட்டைப்பெட்டிகளில் அச்சாயின. தெருவில் தனியாக விளையாட விடும் பழக்கம் தேய்ந்தது. தாய் தந்தை இருவரும் வேலைக்குப் போகும் வீடுகளில் விளையாட்டு வார இறுதிக்கு ஒதுக்கப்பட்ட வேலையானது. நகராட்சி விட்டுச்சென்ற இடத்தைப் பிடிக்க வியாபாரிகள் தயாராக இருந்தார்கள்.

1989இல் மிசூரியின் கான்சாஸ் சிட்டியில் தொடங்கிய டிஸ்கவரி ஸோன் அந்த வியாபாரத்தின் எழுச்சிக்கும் வீழ்ச்சிக்கும் எடுத்துக்காட்டு. குழந்தைக்குக் கட்டணம், பெற்றோருக்கு இலவசம் என்பது அதன் விதி. மெக்டொனால்ட்ஸ் உணவகங்களில் ஏற்கெனவே விளையாட்டிடங்கள் இருந்தன. அந்த நிறுவனம் 1991இல் இல்லினாயின் நேப்பர்வில்லில் லீப்ஸ் அண்ட் பவுண்ட்ஸ் என்ற தனிக்கூடத்தையே திறந்தது. 1993இல் டிஸ்கவரி ஸோன் பங்குச்சந்தைக்குப் போனது. வீடியோ வாடகைக் கடைகளால் பெருகிய பிளாக்பஸ்டர் அதில் முதலீடு செய்தது. 1994இல் லீப்ஸ் அண்ட் பவுண்ட்ஸும் டிஸ்கவரி ஸோனிடமே வந்து சேர்ந்தது. கூடங்கள் சில நூறாயின. 1996இல் நிறுவனம் திவால் பாதுகாப்பு கோரியது. 1999இல் மொத்தமாக மூடியது. வாடகை பன்னிரண்டு மாதமும் ஓடும். குழந்தைகள் வருவதோ மழைக்காலத்திலும் பனிக்காலத்திலும்தான். ஐந்தாறு ஆண்டுகளில் அவர்கள் வளர்ந்து போய்விடுவார்கள். பெருமூலதனம் அவசரமாகப் பெருக்கிய தொழில் இது. இதை நிதானமாக நடத்தி வாழ்ந்தவர்கள் பெரும்பாலும் ஒன்றிரண்டு கிளை வைத்திருக்கும் உள்ளூர் உரிமையாளர்களே.

பிரிட்டனில் அப்படித்தான் நடந்தது. ஆலைகள் மூடிய நகரங்களில் உயரமான கூரையுள்ள கிடங்குகள் மலிவான வாடகைக்குக் கிடைத்தன. மழைக்குப் பஞ்சமில்லை. பப் மதுக்கூடத்துக்குள் 14 வயதுக்கு உட்பட்டோர் வரச் சட்டத் தடை இருந்ததால், பிள்ளைகளுள்ள குடும்பங்களை ஈர்க்க விரும்பிய பப்கள் பக்கத்தில் தனியாக விளையாட்டுக்கூடம் கட்டின. வாக்கி வேர்ஹவுஸ் என்ற பெயர் அந்த வகையில் வடஇங்கிலாந்துக் குடும்பங்களுக்குப் பரிச்சயமானது. 1995இல் இங்கிலாந்தில் இந்தத் தடை தளர்ந்த பிறகும் கூடங்கள் குறையவில்லை. வருமானம் நுழைவுச்சீட்டில் மட்டும் வருவதில்லை. உருளைக்கிழங்கு வறுவலும் காபியும் பிறந்தநாள் விருந்தும்தான் கணக்கை நேராக்குகின்றன. ஆகவே பெற்றோர் எத்தனை நேரம் உட்கார்ந்திருப்பார்கள் என்பதும் வடிவமைப்பைத் தீர்மானித்தது. மேசையிலிருந்து பார்த்தால் குழந்தை தெரியவேண்டும், வாசலில் இரட்டைக் கதவு வேண்டும், மூன்று வயதுக்கு உட்பட்டோருக்குத் தனித் தடுப்பு வேண்டும்.

விதிகள் தாமதமாகவே வந்தன. அமெரிக்காவில் இத்தகைய அடைப்புக்குள் உள்ள சாதனங்களுக்கான தரவிதி 1998இல் வெளியானது. பிரிட்டனின் நடைமுறை விதி 2002இல் வந்தது. விரல் சிக்காத வலைக்கண், தலை மாட்டாத இடைவெளி, தீப்பற்றாத ஸ்பாஞ்சு, பெரியவர் ஊர்ந்து போய்க் குழந்தையை மீட்கக்கூடிய வழி ஆகியவை இவற்றின் சாரம். வியாபாரத்தைக் கூடுதலாகத் தாக்கியது எலும்புமுறிவு அல்ல, அழுக்கு. 1990களின் இறுதியில், பந்துக்குளத்தில் கிடந்த ஊசி குத்தி ஒரு குழந்தை இறந்ததாக மின்னஞ்சலில் பரவிய செய்தி வெறும் புரளி. ஆனாலும் அமெரிக்க உணவகங்கள் பல பந்துக்குளங்களை எடுத்துவிட்டன. அச்சத்தில் கொஞ்சம் உண்மையும் இருந்தது. 2019இல் வெளியான ஓர் ஆய்வு ஜார்ஜியா மாநிலத்தின் 6 இயன்முறை சிகிச்சை மையங்களின் பந்துக்குளங்களை ஆராய்ந்து 31 வகை பாக்டீரியாக்களைக் கண்டது. பந்துகளை உறிஞ்சி, கழுவி, உலர்த்தித் திருப்பித் தரும் இயந்திரங்களும் இன்று இத்தொழிலின் செலவுகளில் ஒன்று.

ஆசிய நகரங்களுக்கு இந்தக் கூடங்கள் வணிக வளாகங்களோடு வந்தன. ஜப்பானில் போர்ன்லண்ட் நிறுவனத்தின் கிட்-ஓ-கிட் விளையாட்டுக்கூடம் 2004இல் சப்போரோவில் தொடங்கியது. தென் கொரியாவில் கிட்ஸ் கஃபே அடுக்குமாடி வாழ்க்கையின் பகுதியானது. சென்னையில் 2010இல் திறந்த எக்ஸ்பிரஸ் அவென்யூ போன்ற மால்களின் மேல்தளங்களில் குடும்பங்கள் இதைக் கண்டன. இங்கே காரணம் மழையல்ல, வெயிலும் குளிர்சாதனமும்.

2020இல் பெருந்தொற்று வந்தபோது, தொட்டு விளையாடும் இடம் என்பதால் இவை முன்னதாக மூடப்பட்டுத் தாமதமாகத் திறந்தன. இங்கிலாந்தில் உணவகங்களும் பப்களும் ஜூலை 4 அன்றே திறந்துவிட, சாஃப்ட் ப்ளே கூடங்களுக்கு ஆகஸ்ட் 15 வரை அனுமதி கிடைக்கவில்லை. மீண்டும் அடைக்கப்பட்ட அவை 2021 மே 17 அன்றுதான் திறந்தன.