ஒண்ணும் செய்யாத கொள்ளுத்தாத்தா

ஆணி அதிகம், அதான் கொஞ்ச நாளா இந்தப் பக்கம் தலைகாட்ட முடியல. முன்னாடியே சொல்லிடறேன், இது பொட்டி தட்டுறவங்க சமாச்சாரம். தட்டாதவங்களுக்கும் புரியற மாதிரி எழுத முயற்சி பண்றேன். புரியலைன்னா பின்னூட்டத்துல திட்டுங்க, வாங்கிக்கறேன்.

நமக்கு ஊர் கள்ளக்குறிச்சி, கருணாபுரம். பேரைச் சொன்னதும் 2024 ஜூன் மாச விஷச்சாராயச் சாவுதான் எல்லாருக்கும் ஞாபகம் வருது. அதைப் பத்தி எழுத எனக்கு இன்னும் கை வரல. இன்னிக்கு வேற கதை.

பிளஸ் டூவுல நான் தமிழ் மீடியம், கணினி அறிவியல். சி++ பாடத்துல கிளாஸுக்கு 'இனக்குழு', ஆப்ஜெக்டுக்கு 'பொருள்', இன்ஹெரிட்டன்ஸுக்கு 'மரபுரிமம்'. ஒரு பொருள் பிறக்கும்போது ஓடுற கன்ஸ்ட்ரக்டர் 'ஆக்கி', அது சாகும்போது ஓடுற டிஸ்ட்ரக்டர் 'அழிப்பி'. பிரம்மா, சிவன்னு கடைசி பெஞ்சுல பேர் வெச்சு சிரிச்சோம். ஆனா யோசிச்சுப் பார்த்தா இங்கிலீஷ் மீடியம் பசங்களை விட நமக்குத்தான் வசதி. வார்த்தையே வேலையைச் சொல்லிடுதே! மரபுரிமம் எங்களுக்குச் சொல்லியே தர வேண்டாம். தென்னாற்காட்டுல இருந்து 1993ல் விழுப்புரம் மாவட்டம், விழுப்புரத்துல இருந்து 2019ல் கள்ளக்குறிச்சி மாவட்டம். ஊர் நகராமலே ரெண்டு தலைமுறை இறங்கி வந்தவங்க நாங்க.

தேர்வுல தவறாம வர்ற விஷயம் ஒண்ணு உண்டு. அடிப்படை இனக்குழுவோட ஆக்கி முதல்ல ஓடும், அப்புறம்தான் தருவிக்கப்பட்ட இனக்குழுவோடது. அழிக்கும்போது தலைகீழ். கல்யாணப் பந்தல் மாதிரிதான். கால் நட்டு, குறுக்குக் கழி கட்டி, அப்புறம் கீத்து. பிரிக்கும்போது கீத்தை இறக்காம காலைப் பிடுங்கினா தலையில விழும். இதை மனப்பாடம் பண்ணி மார்க்கும் வாங்கியாச்சு.

பல வருஷம் கழிச்சு, ஒரு எடை மேடைக்கு பில் போடுற புரோகிராம் எழுதிக் குடுத்தேன் (பேர் வேண்டாமே). நெல்லு, மக்காச்சோளம், கல்வராயன் மலைப் பக்கத்துல இருந்து மரவள்ளிக் கிழங்குன்னு வண்டி வந்துட்டே இருக்கும். 'வண்டி'ன்னு ஒரு அடிப்படை இனக்குழு, அதுக்குக் கீழ லாரி, டிராக்டர், டெம்போ. ஒவ்வொரு வண்டிப் பொருளும் பிறக்கும்போது தன் ரசீதுக்கு ஒரு ஃபைலைத் திறக்கும், சாகும்போது மூடணும். பாடப் புத்தகம் தோத்துச்சு போங்கன்னு எனக்கே பெருமை.

முதல் சில மாசம் ஒரு தொல்லையும் இல்ல. அறுவடை சீசன்ல ராத்திரி பகலா மேடை ஓடுச்சு, கம்ப்யூட்டரை அணைக்கவே இல்ல. அப்ப ஒரு மத்தியானம் போன். "தம்பி, உன் பொட்டி பில்லு போட மாட்டேங்குது. ரோடு வரைக்கும் டிராக்டர் நிக்குது."

ஓடினேன். அணைச்சுப் போட்டா சரியாயிடுது, ஆனா காரணம் தெரியணுமே? மூணு மணி நேரம் தலையைப் பிச்சுக்கிட்டேன். என் அழிப்பிகள் ஓடவே இல்ல! விண்டோஸ்ல சாதாரணமா ஒரு சி++ புரோகிராம் ஒரே நேரத்துல 512 ஃபைல்தான் திறந்து வெச்சிருக்க முடியும். திறந்த ரசீது ஒண்ணுகூட மூடப்படல. தினமும் சாயங்காலம் அணைச்ச வரைக்கும் குட்டு வெளியே தெரியல, அவ்வளவுதான்.

காரணம் இதுதான். வரிசையில நிக்கற எல்லா வண்டியையும் நான் 'வண்டி'ங்கற பொதுப் பேர்லதான் பிடிச்சு வெச்சிருந்தேன். அந்தப் பேர்ல டெலீட் பண்ணும்போது, கம்பைலர் பேர்ப்பலகையை மட்டும் பார்த்து 'வண்டி'யோட அழிப்பியை ஓட்டிட்டுப் போயிடுச்சு. வாசல்ல 'பெரியவர் இல்லம்'னு எழுதியிருக்கறதைப் பார்த்துட்டு பெரியவர் சாமானை மட்டும் காலி பண்ணிட்டு, உள்ளே பேரன் சாமானைத் தொடாமலே போன ஆள் மாதிரி. அடிப்படை இனக்குழுவோட அழிப்பிக்கு முன்னாடி 'விர்ச்சுவல்'னு ஒரு வார்த்தை போட்டிருந்தா, உள்ளே நிஜமா யார் இருக்கான்னு பார்த்து அவனோட அழிப்பியில இருந்து ஆரம்பிச்சிருக்கும். (சட்டப்படி பார்த்தா, அந்த வார்த்தை இல்லாம இப்படி டெலீட் பண்ணினா என்ன நடக்கும்னு சி++ எந்த உத்தரவாதமும் தர்றதில்ல. எனக்கு நடந்தது வழக்கமா நடக்கறது.)

ஒரு வார்த்தையை விட்டதுக்கு இவ்வளவு தண்டனையா? மொழியே இதைப் பார்த்துக்கக் கூடாதா? இந்தக் கடுப்புலதான் பழைய கதையைத் தோண்ட ஆரம்பிச்சேன்.

இனக்குழு, மரபுரிமம் எல்லாத்துக்கும் பிறந்த வீடு நார்வே. ஓஸ்லோவுல இருந்த நார்வே கம்ப்யூட்டிங் சென்டர்ல ஓலே-யோஹான் டாலும் கிறிஸ்டன் நிகார்டும் சேர்ந்து செஞ்ச சிமுலா 67. இதுல பொருள் பிறக்கும்போது அப்பனோட வரிகள் ஓடும், நடுவுல 'இன்னர்'னு ஒரு இடம் வரும், அங்க பிள்ளையோட வரிகள் ஓடும், முடிஞ்சதும் அப்பனோட மிச்சம் ஓடும். நம்ம பந்தல் வரிசையோட விதை அங்கயே இருக்கு. ஆனா அழிப்பி கிடையாது. கேட்பாரற்ற பொருளை எல்லாம் 'குப்பை பொறுக்கி' ஒருத்தன் பின்னாடியே வந்து அள்ளிடுவான்.

கேம்பிரிட்ஜ்ல ஆராய்ச்சி பண்ணிட்டிருந்த பியார்ன ஸ்ட்ரூஸ்ட்ரப் இந்த சிமுலாவுலதான் ஒரு பெரிய புரோகிராம் எழுதினார். எழுதறது சுகமாத்தான் இருந்தது. ஓட்டினா, 80 சதவீதத்துக்கு மேல நேரம் குப்பை பொறுக்கறதுக்கே போச்சு. வெறுத்துப்போய் பிசிபிஎல்ங்கற மொழியில முழுக்கத் திருப்பி எழுதினார். 1979ல் பெல் லேப்ஸ் போனதும் சி மொழி மேல இனக்குழுவை ஏத்தினார். குப்பைக்காரன் வேண்டாம்னு முடிவு பண்ணினதால, போற பொருளே தன் இடத்தைப் பெருக்கிட்டுப் போகணும்னு ஆச்சு. முதல்ல ஆக்கிக்குப் பேர் 'நியூ', அழிப்பிக்குப் பேர் 'டெலீட்'. அந்த டில்டே குறி எல்லாம் பிற்பாடு வந்தது. 1983ல் விர்ச்சுவல் ஃபங்ஷன் வந்தது. ஆனா எல்லா இனக்குழுவுக்கும் பொதுவான ஒரு மூதாதையை அவர் வைக்கல. விர்ச்சுவல்னா ஒவ்வொரு பொருளும் ஒரு சுட்டியைக் கூடுதலா சுமக்கணும், வேண்டாதவன் எதுக்குச் சுமக்கணும்ங்கறது அவர் கட்சி. நியாயம்தான். வேணும்னா நீயே போட்டுக்கோன்னு விட்டுட்டார். நான் போடல.

போர்லண்ட் ஆளுங்க வேற வழி போனாங்க. 1995 பிப்ரவரி 14ல் (காதலர் தினத்துலதான்!) ஆண்டர்ஸ் ஹெய்ல்ஸ்பெர்க் குழுவோட டெல்ஃபி வந்தது. அதுல எந்த இனக்குழு எழுதினாலும், நாம சொன்னாலும் சொல்லாட்டியும், 'டிஆப்ஜெக்ட்'டோட வம்சம். அந்தக் கொள்ளுத்தாத்தாவோட ஆக்கி 'கிரியேட்', அழிப்பி 'டெஸ்ட்ராய்'. ரெண்டையும் திறந்து பார்த்தா உள்ளே ஒண்ணுமே இல்ல, காலி! எனக்கு முதல்ல சிரிப்புதான் வந்தது. அப்புறம்தான் உறைச்சது. அந்தக் காலி 'டெஸ்ட்ராய்' விர்ச்சுவல். யாரை எந்தப் பேர்ல பிடிச்சு 'ஃப்ரீ'ன்னு சொன்னாலும் சரியான ஆளோட அழிப்பிக்குப் போய்ச் சேரும். கொள்ளுத்தாத்தா வேலை எதுவும் செய்யல, வம்சத்துக்கு ஒரு வழி மட்டும் போட்டு வெச்சிருக்கார். அதுலயும் பிள்ளை 'ஓவர்ரைடு'னு எழுத மறந்தா பழைய குருடி கதவைத் திறடிதான். ஆனா கம்பைலர் எச்சரிக்கும்.

ஜாவாவும் 'ஆப்ஜெக்ட்'னு ஒரு மூதாதையை வெச்சு, அதுல 'ஃபைனலைஸ்'னு ஒரு அழிப்பி மாதிரி குடுத்துச்சு. கூடவே குப்பைக்காரனும் திரும்பி வந்துட்டான். அவன் எப்ப வருவான், வருவானான்னே தெரியாத நிலையில அதை நம்பி யார் ஃபைலை மூடறது? 2017ல் ஜாவா 9 அதை ஒதுக்கி வெச்சது, 2022ல் ஜாவா 18 தூக்கவே போறோம்னு சொல்லிடுச்சு.

எடை மேடைக்கு வருவோம். ஒரு வார்த்தை சேர்த்து, கம்பைல் பண்ணி, அங்கயே 600 போலி வண்டியை உள்ளே விட்டுப் பார்த்தேன். ஓடுச்சு. முதலாளி எட்டிப் பார்த்து "என்ன தம்பி ரிப்பேரு?"ன்னார். ஒரு வார்த்தை விட்டுப் போச்சுங்கன்னேன்.

"ஒரு வார்த்தைக்கா மூணு மணி நேரம் வண்டிய நிறுத்தி வெச்ச?"

டீ மட்டும் வாங்கிக் குடுத்தார். அந்த மாசம் காசு கேக்க எனக்கும் வாய் வரல.