பழங்கணினி ஆர்வம்

பழங்கணினி ஆர்வம் என்பது, விற்பனையிலிருந்தும் அன்றாடப் பயன்பாட்டிலிருந்தும் நீங்கிவிட்ட கணினிகளைத் தேடிச் சேர்த்தல், பழுது நீக்குதல், மீண்டும் இயக்கிப் பயன்படுத்துதல் ஆகியவற்றை உள்ளடக்கிய ஒரு பொழுதுபோக்கு ஆகும். அஞ்சல்தலை, நாணயம் போன்றவற்றின் சேகரிப்போடு இதற்கு ஒற்றுமை உண்டு. எனினும் அடிப்படையான வேறுபாடு ஒன்றும் உண்டு. ஒரு நாணயத்தைக் கண்ணால் பார்த்தே பெரும்பாலும் அறிந்துகொள்ளலாம். ஒரு கணினியை இயக்கிப் பார்த்தால்தான் அது என்ன செய்தது என்பதை அறிய முடியும். ஆகவே இத்துறையில் சேகரிப்பையும் பயன்பாட்டையும் பிரித்துப் பார்ப்பது கடினம்.

இவ்வாறு சேகரிக்கப்படும் கணினிகள் பலவகைப்பட்டவை. கொமடோர் 64, சின்கிளேர் இசட்எக்ஸ் இசுபெக்ட்ரம், ஆப்பிள் II, பிபிசி மைக்ரோ போன்ற 8-பிட் வீட்டுக் கணினிகள் இவற்றுள் பரவலாக விரும்பப்படுகின்றன. இக்கட்டுரை பிபிசி மைக்ரோவை முதன்மை எடுத்துக்காட்டாகக் கொண்டு, இந்த ஆர்வத்தின் காரணங்களையும் அதன் பயனையும் விளக்குகிறது.

பிபிசி மைக்ரோ: சுருக்கமான வரலாறு

பிரித்தானிய ஒலிபரப்பு நிறுவனமான பிபிசி, பொதுமக்களுக்குக் கணினி அறிவை ஊட்டும் நோக்கில் கணினி எழுத்தறிவுத் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. அதன் தொலைக்காட்சி நிகழ்ச்சிகளுடன் சேர்ந்து பயன்படத்தக்க ஒரு கணினி தேவைப்பட்டது. கேம்பிரிட்சு நகரைச் சேர்ந்த ஏகார்ன் கம்ப்யூட்டர்சு நிறுவனம் 1981ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஒரு வார காலத்துக்குள் முன்மாதிரி ஒன்றை உருவாக்கிக் காட்டி, அந்த ஒப்பந்தத்தைப் பெற்றது. இப்பணியில் இசுடீவ் ஃபர்பர், சோஃபி வில்சன் ஆகிய பொறியாளர்களின் பங்கு குறிப்பிடத்தக்கது.

1981 திசம்பரில் வெளிவந்த இக்கணினி மாடல் ஏ, மாடல் பி என இரு வகைகளில் கிடைத்தது. மாடல் ஏ 16 கிலோபைட்டு நினைவகத்தையும், மாடல் பி 32 கிலோபைட்டு நினைவகத்தையும் கொண்டிருந்தன. இரண்டிலும் 2 மெகாஹெர்ட்சு வேகத்தில் இயங்கும் 6502 வகை நுண்செயலி பயன்படுத்தப்பட்டது. இவ்வரிசைக் கணினிகள் மொத்தம் 15 இலட்சத்திற்கும் மேல் விற்பனையாயின. இங்கிலாந்தின் பெரும்பாலான பள்ளிகளில் இவை இடம்பெற்றன.

இந்தியாவுக்கும் இக்கணினியுடன் தொடர்பு உண்டு. 1984ஆம் ஆண்டில் இந்திய அரசு தொடங்கிய 'கிளாஸ்' என்னும் பள்ளிக் கணினிக் கல்வித் திட்டத்தில் பிபிசி மைக்ரோ கணினிகளே வழங்கப்பட்டன. மொகாலியில் இருந்த அரசு நிறுவனமான செமிகண்டக்டர் காம்ப்ளக்சு, இதே வடிவமைப்பை 'யூனிகார்ன்' என்ற பெயரில் தயாரித்தது. இந்தியப் பள்ளி மாணவர் பலர் முதன்முதலில் தொட்ட கணினி இதுவே.

ஆர்வத்தின் காரணங்கள்

இளமைக்கால நினைவே பழங்கணினி ஆர்வத்தின் காரணம் எனப் பொதுவாகக் கருதப்படுகிறது. இது ஓரளவுக்கே உண்மை. இக்கணினிகள் விற்பனையில் இருந்த காலத்துக்குப் பின்னர் பிறந்தவர்களும் இவற்றை விரும்பிப் பயன்படுத்துகின்றனர். அதற்குக் கீழ்க்காணும் காரணங்களைக் கூறலாம்.

முழுமையாக அறியத்தக்க தன்மை

6502 நுண்செயலியில் ஏறத்தாழ 3,500 திரான்சிசுட்டர்கள் மட்டுமே உள்ளன. அதன் கட்டளை வகைகள் 56. அது அணுகக்கூடிய நினைவக முகவரிகள் 65,536. பிபிசி மைக்ரோவில் இவற்றுள் முதற்பாதி பயனரின் நினைவகத்துக்கும், மறுபாதி மொழி, இயங்குதளம், உள்ளீட்டு வெளியீட்டுச் சுற்றுகள் ஆகியவற்றுக்கும் ஒதுக்கப்பட்டுள்ளன. இந்த வரைபடம் ஒரே தாளில் அடங்கிவிடும். ஒரு விசையை அழுத்தும்போது மின்சுற்றில் என்ன நிகழ்கிறது, அது திரையில் எழுத்தாக எவ்வாறு மாறுகிறது என்பதைத் தொடக்கம் முதல் இறுதி வரை ஒரே மனிதர் சில மாதங்களில் கற்றுவிடலாம்.

இன்றைய கணினிகளில் இது இயலாது. ஒரு தற்காலச் செயலியில் பல நூறு கோடித் திரான்சிசுட்டர்கள் உள்ளன. அதன் இயங்குதளத்தை முழுவதும் அறிந்த தனிமனிதர் எவரும் இல்லை எனலாம். கணினி அறிவியல் மாணவர்கள் பாடநூலில் தனித்தனியாகப் படிக்கும் நுண்செயலி, நினைவகம், குறுக்கீடு, பொறிமொழி ஆகியவை ஒன்றோடொன்று இணைந்து இயங்குவதைக் காண்பதற்கு 8-பிட் கணினி ஏற்றதொரு கருவியாக உள்ளது.

உடனடியாக நிரல் எழுதும் வசதி

பிபிசி மைக்ரோவின் மின்விசையைப் போட்டதும், இரு சுரங்களைக் கொண்ட ஓர் ஒலி எழும். அடுத்த நொடியிலேயே கணினி பயனரின் கட்டளைக்குக் காத்திருக்கும். அப்போது திரையில் இருப்பது பேசிக் நிரல்மொழி. எதையும் நிறுவத் தேவையில்லை. சோஃபி வில்சன் எழுதிய பிபிசி பேசிக் மொழியில், பெயரிடப்பட்ட செயல்முறைகளை எழுதும் வசதி இருந்தது. பொறிமொழிக்கு மாற்றும் தொகுப்பி மொழியையும் அதே நிரலுக்குள் எழுத முடிந்தது. கணினியைப் பயன்படுத்துவதும் அதற்கு நிரல் எழுதுவதும் அக்காலத்தில் ஏறக்குறைய ஒரே செயலாகவே இருந்தன.

வரம்புகள் தந்த படைப்பாற்றல்

32 கிலோபைட்டு நினைவகத்தில், உயர்ந்த வரைகலை முறைகள் திரைக்காக மட்டுமே 20 கிலோபைட்டை எடுத்துக்கொள்ளும். இத்தகைய நெருக்கடியில்தான் டேவிட் பிரேபன், இயன் பெல் ஆகிய இருவரும் 1984இல் 'எலைட்' என்னும் விண்வெளி விளையாட்டை உருவாக்கினர். அதில் எட்டு விண்மீன் மண்டலங்களும், ஒவ்வொன்றிலும் 256 உலகங்களும் இருந்தன. இவற்றின் விவரங்களைச் சேமித்து வைக்க இடமில்லை. ஆகவே சில எண்களிலிருந்து கணக்கிட்டு, வேண்டும்போது அவற்றைப் பெறும் முறை கையாளப்பட்டது. மேலும், நினைவகத்தைச் சிக்கனப்படுத்துவதற்காகத் திரையின் மேற்பகுதியை ஒரு வரைகலை முறையிலும் கீழ்ப்பகுதியை வேறொரு முறையிலும் காட்டினர். படம் வரையப்பட்டுக்கொண்டிருக்கும்போதே உரிய கணத்தில் முறையை மாற்றுவதால் இது நிகழ்ந்தது. இத்தகைய நுட்பங்களை உண்மையான பொறியில் ஆராய்வது ஆர்வலர்களுக்குப் பெரும் ஈர்ப்பாக உள்ளது.

இன்றைய தொழில்நுட்பத்தின் வேர்கள்

ஏகார்ன் நிறுவனத்தில் ஏஆர்எம் செயலி வடிவமைக்கப்பட்டபோது, அதன் மாதிரி பிபிசி பேசிக் மொழியிலேயே எழுதிச் சோதிக்கப்பட்டது. முதல் ஏஆர்எம் சில்லு 1985 ஏப்ரல் 26 அன்று, பிபிசி மைக்ரோவுடன் இணைக்கப்பட்ட நிலையில் இயங்கியது. இன்றைய கைபேசிகள் பெரும்பாலானவற்றில் உள்ள செயலிகள் அதன் வழிவந்தவை. 2012இல் வெளிவந்த ராசுபெரி பை கணினியின் வகைகளுக்கு மாடல் ஏ, மாடல் பி எனப் பெயரிடப்பட்டதும் பிபிசி மைக்ரோவை நினைவுகூர்ந்தே ஆகும்.

டூம்சுடே வட்டுகள்

பழங்கணினிகளை இயங்கும் நிலையில் பேணுவதன் தேவைக்கு டூம்சுடே திட்டம் சிறந்த சான்றாகும். இங்கிலாந்து மன்னர் முதலாம் வில்லியமின் ஆணைப்படி 1086இல் தொகுக்கப்பட்ட நிலக் கணக்கெடுப்பு நூல் 'டூம்சுடே புத்தகம்' எனப்படும். அதன் 900ஆம் ஆண்டை முன்னிட்டு, பிபிசி 1986இல் ஒரு புதிய கணக்கெடுப்பை வெளியிட்டது. பத்து இலட்சத்திற்கும் மேற்பட்ட மக்கள் இதில் பங்கேற்றனர். அவர்களில் பெரும்பாலோர் பள்ளி மாணவர்கள். தம் ஊரின் கடைகள், தொழில்கள், அன்றாட வாழ்க்கை ஆகியவற்றைப் பற்றி அவர்கள் எழுதி, ஒளிப்படங்களுடன் அனுப்பினர்.

இவை அனைத்தும் லேசர் வட்டுகளில் பதிவு செய்யப்பட்டன. அவற்றைப் படிக்க, பிபிசி மைக்ரோவின் அடுத்த வடிவமான பிபிசி மாசுட்டர் கணினியும் தனிவகை வட்டு இயக்கியும் தேவைப்பட்டன. விலை மிகுதியாக இருந்ததால் இவ்வமைப்பு பரவலாக விற்பனையாகவில்லை. பதினைந்து ஆண்டுகளுக்குள், இயங்கும் நிலையிலுள்ள கருவிகளைக் காண்பதே அரிதாயிற்று. 900 ஆண்டுகளுக்கு முன் தோலில் எழுதப்பட்ட நூலை இன்றும் படிக்க முடிகிறது. ஆனால் 1986இன் வட்டுகளோ ஒரு தலைமுறைக்குள் படிக்க இயலாத நிலையை நெருங்கின.

லீட்சு, மிச்சிகன் பல்கலைக்கழகங்களின் கேமிலியான் ஆய்வுத் திட்டம், இவ்வமைப்பைத் தற்காலக் கணினியில் இயக்கிக் காட்டும் மென்பொருளை 2002இல் உருவாக்கியது. 2011இல் மக்கள் எழுதிய பகுதிகளை பிபிசி இணையத்தில் வெளியிட்டது. அத்தளம் 2018இல் மூடப்பட்டு, அதன் உள்ளடக்கம் இங்கிலாந்தின் தேசிய ஆவணக் காப்பகத்தின் இணையச் சேமிப்பில் வைக்கப்பட்டது. வட்டின் மூலக் குறிகைகளை நேரடியாகப் பதிவு செய்யும் கருவியொன்றைத் தன்னார்வலர்கள் பின்னர் வடிவமைத்தனர். பழைய இயக்கிகளையும் கணினிகளையும் எவரேனும் பழுது நீக்கி வைத்திருந்ததால்தான் இப்பணிகளைச் செய்ய முடிந்தது என்பது கவனிக்கத்தக்கது.

பேணுதலில் உள்ள சிக்கல்கள்

பழைய கணினிகள் பயன்படுத்தாமல் வைத்திருந்தாலும் கெடுகின்றன. பொதுவாகக் காணப்படும் சிக்கல்கள் வருமாறு:

மின்தேக்கிகள்: பிபிசி மைக்ரோவின் மின்வழங்கியில், மின்னிரைச்சலைத் தடுக்கும் தாள் மின்தேக்கிகள் உள்ளன. காலப்போக்கில் இவற்றின் மேலுறை வெடித்து ஈரத்தை உறிஞ்சும். பல ஆண்டுகளுக்குப் பின் மின்சாரம் செலுத்தும்போது இவை கடும் நெடியுடன் புகைவது வழக்கம். ஆதலால் முதன்முறை இயக்குவதற்கு முன்பே இவை மாற்றப்படுகின்றன. மின்வழங்கிக்குள் உயர் மின்னழுத்தம் இருப்பதால், பயிற்சி இல்லாதவர்கள் அதைத் திறப்பது ஆபத்தானது.

மின்கலங்கள்: கடிகாரத்துக்காகவும் அமைப்புகளைச் சேமிப்பதற்காகவும் பொருத்தப்பட்ட மின்கலங்கள் கசிந்து, மின்சுற்றுப் பலகையின் செப்புத் தடங்களை அரித்துவிடும். சேமித்து வைக்கும் முன் இவற்றை அகற்றுதல் நன்று.

சில்லுகள்: 6502 குடும்பத்தைச் சேர்ந்த 65சி02 செயலி இன்றும் தயாரிக்கப்படுகிறது. ஆனால் ஒரு கணினிக்கென்றே தனியாக வடிவமைக்கப்பட்ட சில்லுகள் உற்பத்தியில் இல்லை. இவற்றுக்கு ஈடாக, நிரலேற்றத்தக்க சில்லுகளைக் கொண்டு ஆர்வலர்கள் மாற்றுப் பலகைகளை உருவாக்குகின்றனர்.

சேமிப்பு ஊடகங்கள்: நெகிழ்வட்டுகளிலும் ஒலிநாடாக்களிலும் உள்ள காந்தப்பூச்சு சிதைவடையும். எனவே பழைய வட்டு கிடைத்தவுடன், அதிலுள்ள காந்த மாற்றங்களை அப்படியே பதிவு செய்து கோப்பாக்குதல் முதற்பணியாகக் கொள்ளப்படுகிறது. அன்றாடப் பயன்பாட்டுக்கு நெகிழ்வட்டுக்குப் பதிலாக நினைவக அட்டைகளை இணைக்கும் சிறு பலகைகள் கிடைக்கின்றன.

நெகிழி உறை: ஏபிஎசு நெகிழியாலான உறைகள் ஒளியாலும் வெப்பத்தாலும் மஞ்சள் நிறமடைகின்றன. ஐதரசன் பெரொக்சைடும் புற ஊதாக் கதிரும் கொண்டு இதனை வெளுக்கச் செய்யும் முறை 2008 முதல் பரவலாயிற்று. எனினும் நிறம் மீண்டும் மாறக்கூடும்.

போன்மிகளும் உண்மைப் பொறிகளும்

ஒரு கணினியைப் போலவே நடந்துகொள்ளும் மென்பொருள் போன்மி எனப்படும். பிபிசி மைக்ரோவுக்கு பீப்எம் முதலிய போன்மிகள் உள்ளன. உலாவியிலேயே இயங்கும் போன்மியும் உண்டு. பொருட்செலவின்றிப் பழைய மென்பொருளைக் காண விரும்பும் மாணவர்களுக்கு இதுவே எளிய வழி. பொறிகள் யாவும் ஒருநாள் பழுதாகும் என்பதால், நெடுங்காலப் பாதுகாப்புக்கும் போன்மியே அடிப்படையாகும்.

ஆயினும் போன்மி சரியாக நடந்துகொள்கிறதா என்பதைச் சரிபார்க்க உண்மைப் பொறி வேண்டும். ஆவணங்களில் இடம்பெறாத நேரக் கணக்குகளும், சில்லுகளின் எதிர்பாராத நடத்தைகளும் பொறியை அளந்தே அறியப்பட்டன. 2010இல் வெளியான விசுவல் 6502 திட்டத்தில், சில்லின் மேற்பரப்பை ஒளிப்படமெடுத்து, அதன் மின்சுற்று முழுவதும் மென்பொருளாக மீளமைக்கப்பட்டது. அதற்கும் உண்மையான சில்லே தேவைப்பட்டது. ஆகவே போன்மியும் பொறியும் ஒன்றுக்கொன்று போட்டியல்ல, துணையே ஆகும்.

அமைப்புகளும் அருங்காட்சியகங்களும்

இங்கிலாந்தில் 1989இல் தொடங்கப்பட்ட கணினிப் பாதுகாப்புச் சங்கம் இத்துறையில் முன்னோடியாகும். பிளெட்ச்லி பூங்காவில் உள்ள தேசிய கணினி அருங்காட்சியகத்தில், பள்ளி மாணவர்கள் அமர்ந்து நிரல் எழுதும் வகையில் பிபிசி மைக்ரோ கணினிகள் வரிசையாக வைக்கப்பட்டுள்ளன. கேம்பிரிட்சில் உள்ள கணினி வரலாற்று மையமும் பழைய கணினிகளைப் பார்வையாளர்கள் தொட்டு இயக்குவதற்கு இடமளிக்கிறது.

விமரிசனங்கள்

இவ்வார்வம் சில வேளைகளில் வெறும் பொருள் குவிப்பாக மாறிவிடுவதாகக் குறை கூறப்படுகிறது. அரிய பொறிகளின் விலையேற்றம் மற்றொரு குறையாகும். 2014இல் நியூயார்க்கில் நடந்த ஏலத்தில் ஓர் ஆப்பிள் I கணினி 9,05,000 டாலருக்கு விற்பனையானது. இவ்வளவு விலை கொடுத்து வாங்கப்படும் பொறி இயக்கப்படாமல் கண்ணாடிப் பெட்டிக்குள் சென்றுவிடக் கூடும். பழைய மென்பொருளின் காப்புரிமை இன்று யாரிடம் உள்ளது என்பது பல நேர்வுகளில் தெளிவாக இல்லை. இதனால் அவற்றை நகலெடுத்துப் பாதுகாப்பதிலும் சட்டச் சிக்கல் நீடிக்கிறது.

மறுபுறம், ஒரு கணினியைப் பற்றிய அறிவில் பெரும்பகுதி கையேடுகளில் இல்லை. அதைப் பழுது நீக்கிப் பயன்படுத்துவோரின் பழக்கத்தில்தான் உள்ளது. எந்த மின்தேக்கி முதலில் கெடும், எந்தச் சில்லு எளிதில் சூடாகும், படிக்க மறுக்கும் வட்டை எவ்வாறு படிக்க வைப்பது என்பன போன்றவை அத்தகையவை. அவற்றை அறிந்தவர்கள் அடுத்தவருக்குக் கற்றுக்கொடுக்கும் வரையே அந்தக் கணினிகளில் எழுதப்பட்டவையும் படிக்கத்தக்கவையாக இருக்கும்.