மின்னதிர்வுச் சிகிச்சையில் மயக்க மருந்துத் தேர்வு: வலிப்பின் நீளம் சரியான அளவுகோலா?

ரோமில் 1938இல் செர்லெட்டியும் பினியும் மின்னதிர்வுச் சிகிச்சையைத் தொடங்கியபோது மயக்க மருந்து தரப்படவில்லை. முதுகெலும்பு முறிவுகள் அடிக்கடி நேர்ந்தன. 1950களில் சக்சினைல்கோலின் வந்து தசைகளைத் தளர்த்தியதும் எலும்புகள் தப்பின. ஆனால் மூச்சுவிடவும் இயலாத அந்த நிலையை நோயாளி உணரக் கூடாது என்பதால் மயக்க மருந்து கட்டாயமாயிற்று. இவ்விரண்டும் இல்லாத சிகிச்சையை இந்தியாவில் 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் தடைசெய்கிறது. எந்த மருந்து என்பதே இன்றைய வாதம்.

சிக்கல் இதுதான்: பலன் தருவது வலிப்பு, மயக்க மருந்துகளில் பலவும் வலிப்பை அடக்குபவை. லிடோகைன் கொடுத்து வலிப்பைக் குறுக்கினால் பலனும் குறைவதை 1960இல் ஓட்டோசன் காட்டினார். அதிலிருந்து வலிப்பு நீள நீள நல்லது என்ற எண்ணம் வேரூன்றியது. கணுக்காலில் இரத்த அழுத்தப் பட்டையை இறுக்கிய பிறகே சக்சினைல்கோலினைச் செலுத்துவார்கள். மருந்து எட்டாத அந்தப் பாதம் மட்டும் துடிக்கும். அது 20 வினாடியைத் தாண்டுகிறதா என்று கடிகாரத்தைப் பார்ப்பார்கள்.

இந்த அளவுகோலின்படி புரொபோஃபால் தோற்றுப்போகும். மெத்தோஹெக்சிடால், தயோபென்டோன் இரண்டையும்விட அது வலிப்பைக் குறுக்குகிறது. எட்டோமிடேட்டும் கெட்டமினும் முன்னுக்கு வரும். ஆனால் குறைந்த மின்னளவில் வலப்பக்கம் மட்டும் செலுத்தியபோது, வலிப்பு போதிய நேரம் நீடித்தும் மனச்சோர்வு பெரிதாகக் குறையவில்லை என்பதை 1993இல் சேக்கைம் குழுவினர் நிறுவினர். நீளம் மட்டும் பலனுக்கு உறுதி தராது என்பதற்கு இதைவிட வலுவான சான்று வேண்டியதில்லை. புரொபோஃபால் பெற்றவர்கள் தேறுவதில் பின்தங்குகிறார்கள் என்று ஆய்வுகள் ஒருமித்துச் சொல்லவுமில்லை. வலிப்பின்போது எகிறும் இரத்த அழுத்தத்தையும் நாடித்துடிப்பையும் அது தணிக்கிறது. இதய நோயாளிக்கு இது பெரிய நன்மை. கெட்டமின் அவற்றை மேலும் ஏற்றக்கூடும். எட்டோமிடேட் ஒரே தவணையில்கூட அட்ரினல் சுரப்பைச் சில மணிநேரம் ஒடுக்கும்.

புரொபோஃபாலில் கவலைப்பட வேண்டியது வேறு. வலிப்பு சரியாக எழாதபோது மின்னளவைக் கூட்டுகிறோம். கூடிய மின்னளவு நினைவாற்றலைப் பாதிக்கிறது. அந்த விலையை நோயாளி கொடுக்கிறார். ஆகவே மருந்தின் பெயரைவிட அதன் அளவும் நேரமும் முக்கியம் என்பதே என் வாதம். அறுவை சிகிச்சைக்குக் கிலோ எடைக்கு 1.5–2.5 மி.கி. புரொபோஃபால் தருவது வழக்கம். இங்கே பெரும்பாலும் 1 மி.கி. போதும். மருந்து செலுத்தியபின் சற்றுக் காத்திருந்தால் மூளையில் அதன் செறிவு தணிந்து வலிப்பின் தரம் உயர்கிறது. அளவுக்கு மீறிக் காத்திருந்தால், உடல் அசையாமல் கிடக்க உணர்வு மட்டும் திரும்பிவிடும் ஆபத்து உண்டு. இந்த இடைவெளியை மயக்கவியல் மருத்துவரும் மனநல மருத்துவரும் சேர்ந்தே முடிவுசெய்ய வேண்டும்.

வலிப்பு குறுகியது என்பதற்காக மட்டும் புரொபோஃபாலைக் கைவிடுவது தவறு. ஒவ்வொரு அமர்விலும் மருந்தின் அளவு, மின்சாரம் பாய்ச்சும் வரையிலான இடைவெளி, மின்னளவு, விழித்தபின் குழப்பம் தெளிய ஆன நேரம் ஆகிய நான்கையும் பதிவேட்டில் எழுதுங்கள். அடுத்த அமர்வுக்கான மருந்தை அதைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள்.