கொறுக்கைக் கல்வெட்டும் குடிகளின் முறையீடும்

பேரரசுகளின் வரலாறு பெரும்பாலும் போர்களையும் திருப்பணிகளையும் கொண்டே எழுதப்பெறுகின்றது. ஆயின் உழுகுடி அரசைக் கண்டது வரி தண்ட வந்த அலுவலன் வடிவிலேயே ஆகும். அவ்வலுவலனின் முறைகேட்டைக் குடிகளே கல்லில் பொறித்த அரிய சான்றொன்று தஞ்சை நாட்டில் உளது. அதனை ஈண்டு ஆராய்வாம்.

விசயநகர வேந்தன் இரண்டாம் தேவராயன் காலத்தில், கி. பி. 1429-இல், பழைய தஞ்சை மாவட்டத்துக் கொறுக்கையில் வலங்கை, இடங்கை ஆகிய இரு பிரிவினரும் ஒருங்கு கூடினர். விளைவு நோக்காது வரி கொள்ளப்பட்டமையால் ஊரை விட்டு ஓடும் நிலை எய்தியதை அவர்கள் எடுத்துரைக்கின்றனர். மண்டலத்தார் ஒன்றுபடாமையே இத்துன்பத்திற்குக் காரணம் எனத் தெளிந்ததாகவும், இனி விளைவுக்கு ஒத்த நேரிய வரியன்றிப் பிறிதொன்றும் இறுப்பதில்லை எனத் துணிந்ததாகவும் கூறுகின்றனர். பின்னாளில் தம்முள் பகைத்து நின்ற இரு பிரிவினர் ஈண்டு ஒன்றுபட்டமை கருதத்தக்கது.

கொடுமை இழைத்தார் யாவர்? இவ்வெழுச்சியைச் சார்ந்த விருத்தாசலக் கல்வெட்டு இதற்கு விடை தருகின்றது. அரசின் அலுவலராகிய இராசகரத்தார், ஊழியத்திற்கு ஈடாக நிலவருவாய் பெற்ற சீவிதக்காரர் ஆகியோரோடு, அந்தணரும் காணியாளரும் அதன்கண் சுட்டப்பெறுகின்றனர். அலுவலன் தனித்து நின்று கொள்ளையிட இயலாது. நிலமறிந்த உள்ளூர்ச் செல்வரின் துணை அவனுக்கு வேண்டும். அதனினும் கணக்கெழுதுவான் கை வேண்டும். இதனை நன்கு உணர்ந்தமையாலேயே குடிகள் அன்னோர்க்குப் புகலிடம் அளித்தலையும் கணக்கெழுதித் தருதலையும் விலக்கினர். உறுதி பிறழ்ந்து காட்டிக் கொடுப்பானைக் குத்திக் கொல்லவும் விதித்தனர். இக்கல்வெட்டுகளை நொபொரு கராசிமாவும் எ. சுப்பராயலுவும் விரிவாக ஆராய்ந்துள்ளனர்.

யூகோசுலாவியாவின் மிலோவன் சிலாசு 1957-இல் வெளியிட்ட ‘புதிய வர்க்கம்’ என்னும் நூல், பொதுவுடைமையைக் காக்க அமர்ந்த அதிகாரிகளே அதன் உடையவராய்ச் சலுகை துய்த்தமையை விளக்கிற்று. இராசகரத்தாரின் செயலும் அதனோடு ஒருபுடை ஒக்கும். எனினும் விசயநகர ஆட்சியை இருபதாம் நூற்றாண்டின் முற்றதிகார அரசுகளோடு ஒன்றெனக் கொள்ளுதல் பொருந்தாது. கொறுக்கையில் குடிகள் கூடவும், தம் குறையைப் பலரறியக் கல்லில் வெட்டவும் இடம் இருந்தது; முற்றதிகார அரசுகள் முதற்கண் பறித்தது அவ்விடத்தையே என்க. ஆதலின், ஓர் ஆட்சியின் இயல்பை அளக்க விரும்புவோர் அதன் அலுவலர் செய்த முறைகேட்டை மட்டுமன்றி, அதனைக் கூறக் குடிகட்கு இருந்த உரிமையையும் ஒருங்கு நோக்குதல் வேண்டும் என்பது எம் துணிபு.