இடாப்புகளும் உரிமைகளும்: கொழும்புத் தமிழரின் அனுபவத்தை முன்வைத்து ஒரு நோக்கு

இலங்கையிலே குடிமக்களைப் பெயர் பெயராகப் பதிந்து ஒவ்வொருவருக்கும் ஓர் எண் வழங்கும் முறை, 1968ஆம் ஆண்டின் 32ஆம் இலக்க ஆட்பதிவுச் சட்டத்தினால் உருவாயிற்று. 1972 முதல் தேசிய அடையாள அட்டை மக்கள் கைகளிற் புழங்கலாயிற்று. அவ்வட்டையின் இடத்திலே கைவிரல் அடையாளம், கருவிழி, முகம் ஆகியவற்றைக் கணினியிற் பதிந்து டிஜிற்றல் அடையாளம் வழங்கும் திட்டத்துக்கென இலங்கை அரசு 2022இல் இந்திய அரசுடன் உடன்பாடு செய்துகொண்டது. இத்திட்டம் பற்றிப் பேசுவோர் செலவையும் வேகத்தையும் வசதியையுமே பெரிதும் பேசுகின்றனர். அரச பதிவேடு ஒன்று தன்னுட் பெயர் எழுதப்பட்டவனுக்கு என்ன செய்யக்கூடும் என்ற வினாவுக்கோ, வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வாழ்ந்த தமிழரின் அரைநூற்றாண்டு வரலாறே விடைகூறும்.

பழைய அட்டையிற் பெயர், பால், பிறந்த திகதி, பிறந்த இடம், தொழில், முகவரி ஆகியன இருந்தன. இனம் என்றொரு நிரல் இல்லை. ருவாண்டாவிலே பெல்ஜிய ஆட்சி 1930களிற் புகுத்திய அட்டையில் இனம் வெளிப்படையாகவே எழுதப்பட்டிருந்தது. 1994இல் வீதித்தடைகளில் அவ்வொரு சொல்லே சாவைத் தீர்மானித்தது. இலங்கை அட்டை அத்தகையதன்று என ஆறுதல் கொள்வாருமுளர். ஆயினும் இனத்தை அறிவதற்குப் பெயரும் பிறந்த ஊருமே போதுமாயிருந்தன. அட்டையின் மொழியும் காட்டிக்கொடுத்தது. வடக்குக் கிழக்கில் வழங்கப்பட்ட அட்டைகளிற் சிங்களத்தோடு தமிழும் இருந்தது. ஏனைய மாகாணங்களிற் சிங்களம் மட்டுமே. நாடெங்கும் இருமொழி அட்டை வந்தது 2014இலேயே. மொழியுரிமையின் அடையாளமாக இருந்திருக்கவேண்டிய அத்தமிழெழுத்து, போர்க்காலத்திற் காலி வீதிச் சோதனைச்சாவடியிலே, அட்டைக்குரியவன் எப்பகுதியிலிருந்து வந்தவன் என்பதை வாசிக்காமலே உணர்த்திற்று.

அட்டை இல்லாதோர் நிலை இன்னும் இரங்கத்தக்கது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழருட் பெரும்பாலானோரை நாடற்றோராக்கிற்று. அடையாள அட்டையோ குடிமக்களுக்கே உரியது. எனவே தோட்டங்களிலிருந்து கொட்டாஞ்சேனைக்கும் புறக்கோட்டைக்கும் கடைவேலை தேடிவந்த இளைஞருட் பலர் அட்டையின்றியே வந்தனர். சுற்றிவளைப்புகளின்போது முதலிற் பிடிபட்டோரும் அவர்களே. எஞ்சிய நாடற்றோருக்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003இலேதான் நிறைவேறியது. பதிவேட்டில் இருந்ததனால் ஒருவனும் இல்லாததனால் மற்றொருவனும் ஒரே பொலிஸ் நிலையத்தின் வாங்கிலே காத்திருந்த விந்தை இந்நகரிலே நிகழ்ந்தது.

1983 யூலை நிகழ்ச்சிகளிலே அடையாள அட்டையினும் வாக்காளர் இடாப்பே பெரும்பங்கு வகித்தது. யூலை 25ஆம் நாள் வெள்ளவத்தைத் தெருக்களிற் புகுந்த காடையர் கைகளில் அவ்விடாப்பின் பிரதிகள் இருந்தமையை நேரிற் கண்டோர் பலர் பதிவுசெய்துள்ளனர். அதனாலேயே அடுத்தடுத்த வீடுகளுள் ஒன்று எரிய மற்றொன்று தப்பிற்று. வாக்காளர் இடாப்பு கள்ளத்தனமான ஆவணமன்று என்பது ஈண்டு மனங்கொள்ளத்தக்கது. ஆட்சியாளரைத் தெரிவுசெய்யும் உரிமையின் பொருட்டு, மக்கள் பார்வைக்கு வைக்கப்படும் நேர்மையான பட்டியல் அது. அதனை எழுதிய கிராம சேவகர் எவரும் தீங்கு நினைத்து எழுதியவரல்லர். தீங்கு, அது கைமாறியபோதே பிறந்தது.

அதன் பின்னர் வந்த அவசரகால விதிகளின் கீழ், வீட்டிலுள்ளோர் விபரத்தைப் படிவத்தில் எழுதிப் பொலிஸ் நிலையத்திற் கையளிப்பது கொழும்புத் தமிழரின் வாழ்க்கை முறையாகவே ஆயிற்று. ஊரிலிருந்து உறவினர் வந்தால் அடுப்பில் உலை ஏறுமுன் படிவம் எழுதப்பட்ட இல்லங்களும் உண்டு. தங்குவிடுதிகளும் தம் பதிவேட்டைப் பொலிசாருக்குக் காட்டிவந்தன. 2007 யூன் 7ஆம் நாள் விடியற்காலை, வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, புறக்கோட்டை முதலிய இடங்களின் விடுதிகளிலிருந்து தமிழர் எழுப்பப்பட்டு, பஸ்வண்டிகளில் ஏற்றப்பட்டு, வவுனியா முதலிய இடங்களுக்கு அனுப்பப்பட்டனர். அவர்கள் தொகை 376 எனக் கூறப்பட்டது. கடவுச்சீட்டுக்குக் காத்திருந்தோரும், வைத்தியத்துக்கு வந்தோரும், தொழில் தேடி வந்தோரும் அவர்களுள் அடங்குவர். 1978ஆம் ஆண்டின் அரசியலமைப்பு, இலங்கை முழுவதும் நடமாடவும் விரும்பிய இடத்தில் வதியவும் குடிமக்களுக்கு அளித்த உரிமை அன்று காலை பயன்படவில்லை. மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையம் உயர் நீதிமன்றத்தை நாடியது. மறுநாளே நீதிமன்றம் வெளியேற்றத்தைத் தடுத்துக் கட்டளையிட்டது. பலர் மீண்டு வந்தனர். பிரதமரும் வருத்தம் தெரிவித்தார். எனினும் பதிவு நிற்கவில்லை. முந்திய ஐந்தாண்டுகளில் வடக்கிலிருந்து மேல் மாகாணத்துக்கு வந்தோர் யாவரும் பொலிசிற் பதியவேண்டும் என 2008 செப்டெம்பரிற் பணிக்கப்பட்டது.

நிற்க. இவ்வனைத்தும் கடதாசிக் காலத்து நிகழ்ச்சிகள். அக்காலத்தில் எவரும் திட்டமிடாத ஒரு காப்பு இருந்தது. வாக்காளர் இடாப்பு ஓரிடத்திலும், ஆட்பதிவுத் திணைக்களத்தின் கோப்பு இன்னோரிடத்திலும், பொலிஸ் படிவம் மற்றோர் அலுமாரியிலும் கிடந்தன. ஒருவரின் தமிழ்ப் பெயரே சிங்களத்தில் ஒருவாறும் ஆங்கிலத்திற் பிறிதொருவாறும் எழுதப்பட்டது. ஓய்வூதியம் பெறச் சென்ற முதியவரை அலைக்கழித்ததும் இவ்வொழுங்கீனமே; ஒரு கை எல்லாவற்றையும் ஒருங்கே பற்றாமற் காத்ததும் இதுவே. ஓர் எண்ணின் கீழ் எல்லாப் பதிவுகளையும் இணைக்கும் முறையில் முதியவரின் அலைச்சல் குறையும் என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் அலுமாரிகளுக்கிடையிலிருந்த தூரமும் அதனோடு மறையும். 2016ஆம் ஆண்டின் 8ஆம் இலக்க ஆட்பதிவுத் திருத்தச் சட்டம் குடும்பத்தினரின் விபரங்களையும் உடல்சார் அடையாளங்களையும் சேர்ப்பதற்கு ஏற்கெனவே வழிவகுத்துள்ளது.

அத்தூரம் மறைந்தால் அதன் இடத்திற் சட்டம் நிற்கவேண்டும் என்பதை மேற்கு ஜேர்மனியின் அரசியலமைப்பு நீதிமன்றம் முன்னரே கண்டது. குடித்தொகைக் கணக்கெடுப்புப் பற்றிய அதன் தீர்ப்பு 1983 திசெம்பர் 15இல் வெளியாயிற்று. வெள்ளவத்தை எரிந்து ஐந்து மாதம் கூட ஆகவில்லை. கணினியில் இணைக்கப்படும்போது அற்பமான தகவல் என ஒன்றில்லை என்பது அத்தீர்ப்பின் சாரம். இந்திய உயர் நீதிமன்றத்தின் ஒன்பது நீதியரசர்களும், ஆதார் அட்டை வழக்கில் எழுந்த வினாவையொட்டி, அந்தரங்கம் அடிப்படை உரிமையே என 2017 ஓகஸ்டில் ஒருமித்து உரைத்தனர். இலங்கை அரசியலமைப்பின் அடிப்படை உரிமைகளுள் அந்தரங்கம் வெளிப்படையாகக் கூறப்படவில்லை. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இனம், உடல்சார் அடையாளம் ஆகியவற்றைத் தனிக்காப்புக்குரிய தரவுகளாக ஏற்றுள்ளது. நல்ல சட்டமே. எனினும் அதன் முக்கிய பகுதிகள் நடைமுறைக்கு வரவேண்டிய நாள் 2025 மார்ச்சிற் பின்போடப்பட்டது. மேலும், தேசிய பாதுகாப்பின் பெயரால் விலக்களிக்க அச்சட்டம் இடம்வைத்துள்ளது. விலக்கு அவசியமானதாயும் அளவுக்குட்பட்டதாயும் இருத்தல் வேண்டும் என்ற நிபந்தனையும் உண்டுதான். ஆனால் 2007இன் பஸ்வண்டிகளும் தேசிய பாதுகாப்பின் பெயராலேயே புறப்பட்டன.

அடிப்படை உரிமை மீறப்பட்டவர் ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்தை நாடவேண்டும் என அரசியலமைப்பின் 126ஆம் உறுப்புரை விதிக்கின்றது. 2007இல் நீதிமன்றக் கட்டளை ஒரே நாளிற் பிறந்தமைக்கு, பஸ்வண்டிகளை நகரமே கண்டமையும் ஒரு காரணமாகும். கணினித் திரையில் ஓர் உத்தியோகத்தர், வெள்ளவத்தையில் வதிவோருள் வடக்கிற் பிறந்தோர் யாவர் என வினவி விடைபெற்றால் அதனை எவரும் காணார். பெயர் பார்க்கப்பட்டவருக்கு அச்செய்தியை அறிவிக்கும் கடமை எவர்மீதும் சுமத்தப்படாவிடின், அவர் தமக்குரிய ஒரு மாதத்தை எந்நாளிலிருந்து எண்ணுவார்?